சீனத்து மங்கா, இங்கிலாந்துக் கோப்பையா?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், ஒரு பழம்பொருள் கடையில் இரண்டு கோப்பைகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒன்று நீலப் பூ வரைந்த சீனத்துப் பீங்கான் மங்கு. மற்றது தங்கக் கோடு போட்ட இங்கிலாந்து ‘போன் சைனா’. அலமாரியில் இரண்டும் ஒரே வெள்ளையாகத்தான் தெரிந்தன. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததும் குட்டு வெளிப்பட்டது. சுண்ணாம்பில் சிட்டிகை நீலம் கலந்து அடித்த சுவர்போல இருந்தது சீனத்தது. இங்கிலாந்துக் கோப்பையோ சுண்டக் காய்ச்சிய பாலின் வெள்ளை. வெளியே வைத்த விரலின் நிழல் உள்ளே தெரிகிறது.

இந்த வேறுபாட்டின் வேர் மண்ணில் இருக்கிறது. பீங்கானுக்கு உயிர், கயோலின் என்னும் வெண்களிமண். கருங்கல்லிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் நெடுங்காலம் மக்கி அது உண்டாகிறது. பிறந்த இடத்திலேயே கிடந்த மண் வெண்மையாக இருக்கும், குழைவு குறைவு. ஆற்றோடு போய்ப் படிந்த மண் நன்றாகக் குழையும், ஆனால் வழியில் இரும்பையும் சேர்த்துக்கொண்டிருக்கும். நம் செட்டிநாட்டுச் செம்மண்ணில் இரும்பு மிகுதி. அய்யனார் கோவில் குதிரைக்கு வாய்த்த அந்தச் சிவப்பு பீங்கானுக்கு ஆகாது.

கயோலின் என்ற பெயரே சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்டெசென் அருகிலுள்ள காவ்லிங் என்ற ஊரிலிருந்து வந்தது. அந்த வட்டாரத்தில் பீங்கான் கல் என்ற ஒன்றும் கிடைக்கிறது. அதை இடித்துப் பொடியாக்கிக் கயோலினோடு பிசைகிறார்கள். கல்லிலுள்ள நுண்ணிய அப்பிரகத்தால் கலவை கைக்கு இணங்கும். கயோலின் இருப்பதால் பெரிய பாத்திரமும் சூளையில் நெளியாமல் நிற்கும். மண்ணில் தங்கிவிட்ட இம்மியளவு இரும்புதான், காற்றைக் குறைத்து ஏறக்குறைய 1,300 டிகிரியில் சுடும்போது அந்த நீலச் சாயலைத் தருகிறது. இதே சீனாவில் டெஹுவா என்ற ஊரின் மண்ணில் இரும்பு இன்னும் குறைவு. அங்கே பிறந்தது தந்த வெள்ளை.

இங்கிலாந்தின் கார்ன்வாலில் வெண்களிமண்ணைக் கண்டறிந்த வில்லியம் குக்வொர்த்தி, 1768-இல் அதைக்கொண்டு பீங்கான் செய்யக் காப்புரிமை பெற்றார். அவர் பட்டறைப் பாத்திரங்கள் பல சூளையில் கோணிப்போயின. பின்னர் ஸ்டோக் நகரத்து ஸ்போட் பட்டறை நிலைநிறுத்திய கலவை வேறு: எலும்புச் சாம்பல் பாதி, களிமண் கால், கார்ன்வால் கல் என்னும் பாதி மக்கிய கருங்கல் கால். இதுதான் ‘போன் சைனா’, எலும்புப் பீங்கான். அதனால்தான் இவ்வளவு மெல்லிசாகச் செய்தும் கோப்பை உறுதியாக நிற்கிறது.

அழகுக்கு மட்டும் என்றால் நான் இங்கிலாந்துக் கோப்பையை எடுத்திருப்பேன். புழங்குவதற்கு மனம் ஒப்பவில்லை. சாம்பல் மாட்டெலும்பினுடையது, சைவ வீட்டில் இதைச் சொல்லாமல் கொடுப்பது முறையல்ல. மேலும், பழைய போன் சைனாவின் மெருகு, அதாவது மேலே பூசும் கண்ணாடிப் பூச்சு, குறைந்த சூட்டில் தனியாக ஏற்றப்படுவது, அதில் ஈயம் கலப்பது வழக்கமாக இருந்தது. புளிப்பு பட்டால் ஈயம் கரையக்கூடும் என்பதால், புளிக்குழம்பும் ஊறுகாயும் ஊற்ற அது ஏற்றதல்ல. சீனத்து மங்கின் மெருகு உடலோடு சேர்ந்தே உச்சச் சூட்டில் வெந்தது. நீலப் பூவும் மெருகுக்கு அடியில் இருக்கிறது.

வாங்குமுன் மங்கைக் கவிழ்த்துப் பார்த்தேன். மெருகு படாத அடி வளையத்தைச் சுற்றி, மயிரிழை அளவுக்குச் செம்பழுப்புக் கோடு. கடைக்காரர் அழுக்கென்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தார். அது போகவில்லை, அந்த மண்ணின் இரும்பு அது.