உயர வெர்பினா: செடியில் குறையில்லை, பாக்கெட்டில்தான்

ஆன்லைனில் உயர வெர்பினா (ஆள் உயரத் தண்டின் உச்சியில் ஊதாப் பூ பூக்கும் தோட்டச் செடி) விதை பாக்கெட் பாதி விலைக்கு வந்திருக்கிறதாம், வாங்கலாமா என்று தேவகோட்டையிலிருந்து ஆச்சி கேட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டு மூன்றாம் கட்டுக்குப் பின்னால், கிணற்றடியை ஒட்டி இந்தச் செடி சில வருஷமாக நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து அவர்களுக்கு ஆசை. வளர்ப்பு முறை எல்லா இடத்திலும் எழுதிக் கிடக்கிறது. எனக்கு இருக்கும் எரிச்சல் வேறு. இந்தப் பெயரில் வரும் பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பூக்கும் வரை யாருக்கும் தெரியாது. பூத்த பிறகும் பாதிப் பேருக்குத் தெரியாது.

முதலில் வாங்கிய பாக்கெட் ஏமாற்றவில்லை. செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் 1753-ல் பெயர் வைத்த அதே தென் அமெரிக்கச் செடி, வெர்பினா போனாரியென்சிஸ், அப்படியே வந்தது. அடுத்த வருஷம் அதே கடை, அதே படம். முளைத்து வந்தது வேறு. ஆள் உயரத்துக்குப் போனது உண்மைதான், ஆனால் உச்சியில் பூ இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. கடைக்குப் போன் போட்டேன். "எல்லாம் வெர்பினாதானுங்க, ஒண்ணுதான்" என்றார்கள்.

ஒன்றில்லை. தண்டு சதுரமாக இருந்தால் வெர்பினா என்று நிறையப் பேர் சொல்வார்கள், அதை நம்பவே கூடாது. துளசிக்கும் சதுரத் தண்டுதான். வெர்பினாவிலேயே நமக்கு வேண்டியது, வேண்டாதது எல்லாவற்றுக்கும் சதுரத் தண்டுதான். பார்க்க வேண்டியது இலையின் அடிப்பக்கத்தை. போனாரியென்சிஸில் இலைக்குக் காம்பு கிடையாது. அடிப்பக்கம் அகலமாக வந்து தண்டைப் பாதி கட்டிப் பிடித்திருக்கும். ஓரத்தில் பல் வெட்டு, தடவினால் சொரசொரப்பு. பிரேசிலியென்சிஸ் என்று இன்னொன்று இருக்கிறது. அதில் இலை அடியில் ஒடுங்கி, காம்பு மாதிரி முடியும். என் இரண்டாவது பாக்கெட்டில் பாதி அதுதான்.

மீதிப் பாதிதான் உண்மையான தலைவலி. அதுவும் தண்டைக் கட்டிப் பிடிக்கும் இலைதான், பூவும் ஊதாதான். ஆனால் பூ பொடிப்பொடி. தேடித் தேடிப் படித்ததில் இன்காம்ப்டா என்று தெரிந்தது. அதற்குத் தனிப் பெயர் கிடைத்ததே 1995-ல்தான். அதுவரை செடி படித்தவர்களே அதைப் போனாரியென்சிஸ் கணக்கில் எழுதிவந்திருக்கிறார்கள் என்றால், விதைக் கடைக்காரரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? (திட்டினேன். அது வேறு விஷயம்.) இரண்டையும் பிரிக்க நம்பகமான வழி பூவின் குழலைப் பார்ப்பது. நல்ல செடியில் அந்தக் குழல், அடியில் இருக்கும் பச்சைப் புல்லியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளமாக இருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மற்றதில் புல்லியைத் தாண்டுவதே கொஞ்சம்தான். வெறும் கண்ணுக்குச் சிரமம். காரைக்குடியில் நகைக்கடை வைத்திருக்கும் உறவினரிடம் வைரம் பார்க்கும் லென்ஸை இரவல் வாங்கிப் பார்த்தேன். வைரத்தோட்டுக்கு ஓடும் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கிற சாமான், பூப் பார்க்கவும் பிரமாதமாக உதவுகிறது.

நர்சரியில் போய் வெறுமனே வெர்பினா என்று கேட்டால், தொட்டியில் படர்கிற குட்டைச் செடியை எடுத்துக் கொடுப்பார்கள். அது வேறு ரகம், இதோடு சேர்க்க வேண்டாம். ரிஜிடா என்று ஒன்று முழங்கால் உயரத்தில் நின்றுவிடும், மண்ணுக்கடியில் வேர்த்தண்டு விட்டுப் பரவும். லாலிபாப் என்ற பெயரில் வருவது போனாரியென்சிஸின் குட்டை ரகம். உயரம்தான் வேண்டும் என்றால் அதை வாங்காதீர்கள்.

வீட்டில் இன்னொரு தொல்லை. அப்பத்தாவுக்கு இது சீமை நாயுருவி. "இந்தக் களைக்குத் தண்ணி வேற ஊத்துறியா?" என்று ஒவ்வொரு காலையும் கேட்பார்கள். ஒரு விதத்தில் அவர்கள் சொல்வது முழுத் தப்பில்லை, சீமை நாயுருவியும் வெர்பினா குடும்பம்தான். உண்ணிச்செடி, வரப்பில் படரும் பொடுதலை எல்லாமே சொந்தம். பழைய புத்தகங்களில் நொச்சியும் தேக்கும்கூட இந்தக் குடும்பத்தில்தான் இருந்தன, இப்போது துளசிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். ஆனால் தோட்ட வேலைக்கு வரும் அண்ணனிடம் இந்தக் குடும்ப வரலாறு எடுபடாது. இளஞ்செடியாக இருக்கும்போது பிடுங்கிவிடுவார். அதனால் நாற்றுக்குப் பக்கத்தில் குச்சி நட்டு வைக்கிறேன்.

வளர்ப்பதைப் பற்றி நம் ஊருக்கு வேண்டியது மட்டும் சொல்கிறேன். விதைக்கு வெளிச்சம் வேண்டும், மண் போட்டு மூடினால் சரியாக முளைக்காது. ஈர மண்மேல் தூவி லேசாக அழுத்தினால் போதும். நம் வெக்கை அதற்குப் பிடிக்காது, அதனால் முதலில் ஈரத் துணியில் மடித்து ஃப்ரிட்ஜில் ஓரிரு வாரம் வைக்கிறேன். அப்படியும் எல்லாம் ஒன்றாக முளைக்காது. இரண்டு வாரத்தில் ஒன்று, நாலு வாரத்தில் ஒன்று என்று வரும். புரட்டாசியில் தாழ்வாரத்தில் தட்டில் போட்டு, ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகையில் தரையில் வைத்தால் தை, மாசியில் பூ. செம்மண் அதற்குப் பிரச்சினையே இல்லை, தண்ணீர் தேங்காமல் இருந்தால் சரி. கத்தரி வெயிலில் இலை கருகும். பாதிக்கு வெட்டிவிட்டு, பிற்பகல் நிழலும் கொஞ்சம் தண்ணீரும் கொடுத்தால் திரும்பவும் துளிர்க்கும். அடி இலைகளில் சாம்பல் நோய் வரும், நெருக்கி நடாதீர்கள்.

இப்போது நியாயமாகப் பேச வேண்டும். சரியான செடி கிடைத்துவிட்டால் இதற்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன். இலை எல்லாம் கீழே, பூ எல்லாம் மேலே, நடுவில் வெறும் தண்டு. வரிசைக்கு முன்னால் நட்டாலும் பின்னால் இருக்கும் கனகாம்பரத்தை மறைப்பதில்லை. சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் அந்த ஊதா நிற்கும் அழகுக்கே காலையில் காபியை அங்கே கொண்டுபோய்க் குடிக்கிறேன். அப்புறம் வண்ணத்துப்பூச்சி! கறிவேப்பிலை மரம் பக்கத்திலேயே இருப்பதால் கறிவேப்பிலை அழகிக்குப் பிள்ளை வளர்க்க ஒரு இடம், தேன் குடிக்க ஒரு இடம் என்று வீடே கட்டிக்கொண்டுவிட்டது. எலுமிச்சை அழகியும் நீலவரியனும் வரும். மல்லிகையும் செம்பருத்தியும் பக்கத்தில் பூத்திருக்கும்போதும் முதலில் இதில்தான் உட்காருகின்றன.

அவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்வது விசித்திரமாக இருக்கும். அந்தப் பாக்கெட்டுக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், விலை பாதியானாலும் வாங்காதீர்கள். அந்த இரண்டும் வண்ணத்துப்பூச்சிக்குப் போட்டது. மூன்று மாதம் தண்ணீர் ஊற்றி, அப்பத்தாவிடம் பேச்சு வாங்கி, கடைசியில் லென்ஸ் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்வது களை என்றால், அந்தப் பாக்கெட் இலவசமாக வந்தாலும் எனக்கு விலை அதிகம்தான். செடிமேல் நான் அநியாயம் செய்கிறேன் என்று ஆச்சி சொல்வார்கள். சொல்லட்டும்.

இன்னொன்று, காய்ந்த பூத்தலையை ஊருணிப் பக்கம் கொட்டாதீர்கள். இது விதையைத் தாராளமாக உதிர்க்கும். ஆஸ்திரேலியாவில் இதைக் களைக் கணக்கில் வைத்திருக்கிறார்கள், நம் நீலகிரியிலும் தானாகவே பரவி நிற்கிறது. எங்கள் வீட்டில் தண்ணீர் படும் இடத்தைத் தாண்டி இதுவரை போகவில்லை, ஆனால் கண்மாய்க்கரை ஈரம் வேறு.

ஆச்சிக்கு என் யோசனை: மழை விட்டதும் ஒரு நாள் வாருங்கள். லென்ஸ் வைத்துச் சரிபார்த்த செடியிலிருந்து பூ வராத தண்டாகப் பார்த்து, கணுவுக்குக் கீழே வெட்டி ஈரத் துணியில் சுற்றித் தருகிறேன். கீழ் இலைகளை எடுத்துவிட்டு, மணலும் தொழுவுரமும் கலந்து நிழலில் ஊன்றுங்கள். நாலு ஊன்றினால் குறைந்தது இரண்டு பிடிக்கும்.