ஆர்ச்சர் சி6: ஃபைபர் இணைப்பில் டிவி பெட்டிக்காக வாங்கிய ரவுட்டர்

பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் இடையில் தோட்டத்து வீட்டில் குடியிருக்கும் எங்களுக்கு, முன்பு கேபிள் டிவி நடத்திவந்தவரே மின்கம்பங்களின் வழியாக ஃபைபர் இழுத்து, இணையம், தொலைபேசி, டிவி மூன்றையும் ஒரே இழையில் கொண்டுவந்து சேர்த்தார். ஃபைபரில் வரும் ஒளியை மின் சமிக்ஞையாக்கும் ஓஎன்டி என்ற பெட்டியை அவர் மாட்டிக் கொடுத்தார். அதன் வைஃபை திண்ணையோடு சரி. வீட்டுக் கூடமான ஆசாரத்துச் சுவர் ஒன்றரை அடி கனம் என்பதால் உள்ளே எட்டவில்லை. அதனால் ஈரோட்டில் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 ரவுட்டரை வாங்கிவந்தேன். இணையம் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. அப்பாரு பார்க்கும் செய்திச் சேனல் வருவதற்கு நான்கு நாள் ஆயிற்று.

ஃபைபரை நேரடியாக இந்த ரவுட்டரில் சொருக முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஜிபான் முறையில் ஒவ்வொரு வீட்டு ஓஎன்டியும் அதன் வரிசை எண்ணோடு நிறுவனத்தின் கருவியில் பதிவாகியிருக்கும். ஆகவே அந்தப் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்க, அதைத் தகவலை அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லி, இணையத்தில் நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் நம்முடைய ரவுட்டரில் இட வேண்டும். தொலைபேசி ஓஎன்டியிலேயே தொடர்ந்து வேலை செய்கிறது. டிவிதான் சிக்கல். ஒரே கம்பியில் போகும் தகவல்களை வகைபிரித்துக் காட்டுவது விலான் எண். நிறுவனம் இணையத்துக்கு ஒரு விலான் எண்ணும் டிவிக்கு வேறொரு விலான் எண்ணும் வைத்திருக்கும். ஒரே கம்பியில் கலந்து வரும் இவ்விரண்டையும் பிரித்தெடுக்கத் தெரியாத ரவுட்டரில் டிவி பெட்டி (செட்-டாப் பாக்ஸ்) வெறும் நீலத் திரையைத்தான் காட்டும்.

நான் இந்த ரவுட்டரைப் பாராட்டுவது இங்கேதான். மேம்பட்ட அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குள் ஐபிடிவி/விலான் என்று தனிப் பக்கமே இருக்கிறது. ஐபிடிவி என்றால் இணைய நெறிமுறையில் வரும் டிவி. அதில் சிங்கப்பூர், மலேசியா நிறுவனங்களுக்கான அமைப்புகள் தயாராக உள்ளன. நம் ஊருக்கு அவை உதவாது. கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்து, இணையத்துக்கும் டிவிக்கும் உரிய எண்களைத் தனித்தனியே இட்டு, பின்புறமுள்ள நான்கு லேன் போர்ட்டுகளில் ஒன்றை டிவிக்கென்று ஒதுக்கிவிட்டால், அந்தப் போர்ட்டில் சொருகிய பெட்டி வீட்டு நெட்வொர்க்கைத் தொடாமல் நேரே நிறுவனத்தோடு பேசிக்கொள்ளும். நான் நான்காம் போர்ட்டை ஒதுக்கினேன். விலான் எண் 1 முதல் 4094 வரை எதுவாகவும் இருக்கலாம் என்பதால் குருட்டாம்போக்கில் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கேட்டுத்தான் பெற வேண்டும். லைன் பார்க்க வரும் தம்பியிடம் கேட்டபோது, "அதெல்லாம் மாத்தாதீங்கண்ணா, படம் வராமப் போச்சுன்னா என்னையத்தானுங்க கேப்பீங்க" என்று தயங்கினார். அவர் பயமும் நியாயமானதே. காபி கொடுத்து உட்காரவைத்த பிறகு எண்ணைச் சொன்னார்.

எண்ணை இட்டதும் படம் வந்தது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே உறைந்தது. "கண்ணு, மறுபடியும் நின்னுபோச்சு பாரு" என்று அப்பாரு கூப்பிட, நான் போய்ச் சேனலை மாற்றித் திரும்ப வைக்க, படம் மறுபடி ஓட, சிறிது நேரத்தில் மறுபடி நிற்க, ஒரு மாலை முழுவதும் இப்படியே போயிற்று. கடைசியில் கைப்பேசியில் நேரம் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சரியாக நான்கு நிமிடம் இருபது விநாடி.

அந்தக் கணக்குத்தான் வழியைக் காட்டியது. மல்டிகாஸ்ட் முறையில் வரும் டிவி, கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தைப் போன்றது: பெரிய வாய்க்காலில் ஒரே ஓட்டம், கேட்ட வயலுக்கு மட்டும் மடை திறக்கும். இந்த மடையை நிர்வகிக்கும் ஐஜிஎம்பி நெறிமுறையின் வழக்கமான அளவுகளின்படி, "இன்னும் யாருக்காவது வேண்டுமா?" என்று நெட்வொர்க் 125 விநாடிக்கு ஒருமுறை கேட்கும், பதிலே வராமல் 260 விநாடி கடந்தால் மடையை மூடிவிடும். 260 விநாடி என்பது நான்கு நிமிடம் இருபது விநாடி. ஆக, எங்கள் பெட்டிக்கு அந்தக் கேள்வி வந்து சேரவில்லை. ரவுட்டரைச் சந்தேகித்து இரண்டு முறை ரீசெட் செய்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன். குற்றவாளி நான் வைத்ததுதான். கேபிள் நீளம் போதாதென்று, மாட்டுக் கொட்டகைக் கேமராவிலிருந்து கழற்றிய, கேபிள்களை இணைக்கும் பழைய நெட்வொர்க் சுவிட்ச் ஒன்றை இடையில் போட்டிருந்தேன்; அது கேள்வியை விழுங்கிக்கொண்டிருந்தது. சுவிட்சை எடுத்துவிட்டு, திண்ணையிலிருந்து ஆசாரம்வரை முப்பது மீட்டர் கேட்6 கேபிளை ஒரே இழுப்பாக இழுத்தேன். அதன்பின் படம் நிற்கவில்லை.

டிவி பெட்டியையும் வைஃபையில் இணைக்கலாமே என்று பக்கத்துத் தோட்டத்து மாமா கேட்டார். மல்டிகாஸ்ட் தகவல், வைஃபையில் பெரும்பாலும் மிகக் குறைந்த வேகத்தில், வந்து சேர்ந்ததா என்ற ஒப்புதல் இல்லாமல் அனுப்பப்படுகிறது. படம் கட்டம் கட்டமாக உடைவது அதனால்தான். நூறு மீட்டருக்குள் என்றால் கேபிளே நல்லது.

மற்றபடி இது ஏசி1200 வகை, அதாவது வைஃபை 5 தலைமுறையைச் சேர்ந்தது. 5 கிகாஹெர்ட்ஸில் 867 எம்பிபிஎஸ் என்று அட்டையில் போட்டிருப்பது ஏட்டுக் கணக்கு. எங்கள் 100 எம்பிபிஎஸ் திட்டம் ஆசாரத்திலும் குறையாமல் கிடைக்கிறது, எனக்கு அது போதும். புதிதாக வீடு கட்டி, பெரிய திட்டம் எடுப்பவர்கள் வைஃபை 6 வகையைப் பார்க்கலாம். அதிலும் விலான் எண் இடும் பக்கம் இருக்கிறதா என்று கடையிலேயே கேட்டுவிட வேண்டும். ஐபிடிவி என்ற சொல் அட்டையில் இருந்தால் மட்டும் போதாது.

இரண்டு விலான் எண்களையும் தினசரிக் காலண்டரின் பின்னட்டையில் பென்சிலால் எழுதி, ரவுட்டருக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறேன். அதற்குக் கீழே அப்பாரு தன் கையால், "நாலாவது ஓட்டை டிவிக்கு. யாரும் புடுங்கக் கூடாது" என்று எழுதிவைத்திருக்கிறார்.