'கேரண்டி பென்ஷன்' என்று சொல்லி அப்பாவின் 8 லட்சத்தை முடக்கிவிட்டார்கள்: மும்பைத் தமிழர்கள் கவனிக்கவும்

வங்கியிலிருந்து திரும்பிய கையோடு எழுதுகிறேன். பெயர் வேண்டாம், செம்பூரில் ஒரு தனியார் வங்கிக் கிளை.

அப்பா ரிட்டயர் ஆனபோது வந்த பிஎஃப் பணம் 8 லட்சம். போஸ்ட் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுவதாகத்தான் இருந்தார். 8.2 சதவீத வட்டி, 3 மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும். அதற்காகப் பணம் எடுக்கப் போன இடத்தில் ஒரு தமிழ்ப் பையன், "திருநெல்வேலியா அங்கிள்? எங்க அம்மாவுக்குப் பாளையங்கோட்டை" என்று உட்காரவைத்து டீ கொடுத்திருக்கிறான். இத்தனை வருஷமாக எந்த கவுன்ட்டரிலும் இந்தியிலேயே பேசிப் பழகிய மனுஷன். தமிழில் ஒருவன் "எங்க அப்பாவா இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்" என்றால் நம்பாமல் என்ன செய்வார்? "ஒரே தடவை போட்டா போதும், எஃப்டி மாதிரிதான், கேரண்டி இருக்கு" என்றானாம். சரிபார்க்க இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தால் எல்லாவற்றுக்கும் 'யெஸ்' சொல்லவும் அவனே சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

ஒரு வருஷம் கழித்து எஸ்எம்எஸ்: அடுத்த பிரீமியம் 8 லட்சம் கட்டவும்!

அது யூலிப் பென்ஷன் பாலிசி, அதாவது பிரீமியத்தைச் சந்தையில் முதலீடு செய்யும் இன்சூரன்ஸ். வருஷம் 8 லட்சம், 10 வருஷம் கட்டணும். அந்த கேரண்டி என்ன தெரியுமா? கட்டிய பிரீமியத்தில் 101 சதவீதம். 100 ரூபாய்க்கு 1 ரூபாய் கூடுதல், அதுவும் எல்லாத் தவணையும் கட்டி முதிர்வுவரை காத்திருந்தால் மட்டும். நிறுத்தினாலும் 5 வருஷம் முடியாமல் பணம் வெளியே வராது.

அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். மேனேஜர் இன்சூரன்ஸ் கம்பெனியைக் கேட்கச் சொல்கிறார், கம்பெனி வங்கியைக் கேட்கச் சொல்கிறது. அப்பா 'யெஸ்' சொன்ன ஃபோன் ரெக்கார்டிங் இருக்கிறதாம், ஃப்ரீ லுக் காலமும் (பத்திரம் வந்தபின் பாலிசியை ரத்து செய்ய விடும் அவகாசம்) முடிந்துவிட்டதாம். பாலிசிப் பத்திரம் ஈமெயிலில் போயிருக்கிறது. அப்பா ஈமெயில் பார்த்ததே கிடையாது. இன்று மேனேஜர் செல்ஃபோனைப் பார்த்துக்கொண்டே, "படிச்சுட்டு சைன் பண்ணியிருக்கணும் அங்கிள்" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வயிறு எரிந்தது. 8 லட்சம், அவருடைய மொத்தச் சேமிப்பு!

விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை. 'கேரண்டி' என்றால் எதற்கு, எவ்வளவு, எப்போது என்று எழுத்தில் கேளுங்கள். பிரீமியம் ஒரு தடவையா, வருஷா வருஷமா என்று பத்திரத்தில் பாருங்கள். பத்திரம் வந்து 30 நாளுக்குள் ரத்து செய்யலாம். அது தாண்டிவிட்டால் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம், கட்டணம் கிடையாது. நாங்கள் நாளைக்குப் புகார் கொடுக்கிறோம்.