அஸூர் விஎம் ஆட்டோ ஷட்டவுன் – டெவ் டீமுக்கு ரொம்ப யூஸ்ஃபுல்

மைக்ரோசாஃப்ட்டோட அஸூர் கிளவுட்ல நாம ஓட்டற விர்ச்சுவல் மெஷினை (விஎம்) குறிச்ச நேரத்துல தானா ஆஃப் பண்றது தான் ஆட்டோ ஷட்டவுன். டெவலப்மென்ட்டுக்கு வச்சிருக்கற மெஷினை ராத்திரி முழுக்க சும்மா ஓட விடறவங்க முதல்ல இத ஆன் பண்ணுங்க, தனி சார்ஜ் எதுவும் இல்ல. டைம்ஸோன் மட்டும் கவனிச்சு சென்னை, கொல்கத்தா இருக்கற +05:30 வைங்க, யூடிசில (உலகப் பொது நேரம்) விட்டா சாயங்காலம் 7 மணிங்கறது நமக்கு நடுராத்திரி 12.30 ஆயிடும். ஆஃப் ஆகறதுக்கு முன்னாடி மெயில் வர்ற மாதிரி வச்சுக்கலாம், வேலை பாதில இருந்தா அதுலயே தள்ளிப் போட்டுக்கலாம், இது எனக்கு ரொம்பப் பிடிச்சது.

விண்டோஸ் உள்ள போய் ஷட்டவுன் குடுத்தா பில் நிக்காது, டீஅலோகேட் ஆகணும், அதாவது மெஷினுக்கு ஒதுக்கின சர்வர் இடத்த அஸூர் திருப்பி எடுத்துக்கணும், ஆட்டோ ஷட்டவுன் அத பண்ணிடுது. வாரத்துல மொத்தம் 168 மணி நேரம், ஒரு நாளைக்கு 10 மணி நேரம்னு அஞ்சு நாள் ஓட்டினா 50 தான், மீதி நேரத்துக்கு கம்ப்யூட் காசு (மெஷின் ஓடறதுக்கான சார்ஜ்) மிச்சம். டிஸ்க் காசு ஓடிட்டே தான் இருக்கும். காலைல தானா ஆன் ஆகறது இதுல இல்ல, அதுக்கு அஸூரோட இன்னொரு சர்வீஸான டெவ்டெஸ்ட் லேப்ஸ் பாருங்க.