டிபிஎஃப் ஃபில்டர்: நிறுத்தி எரிப்பதா, கழற்றிச் சுத்தம் செய்வதா?

டெலிவரி குவியும் மாதங்களில் லாரியில் டிபிஎஃப் (டீசல் புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர்) அடைத்திருப்பதைக் காட்டும் விளக்கு எரிந்தால் இந்தக் குழப்பம் வரும்.

நேரம்: நின்ற இடத்தில் ரீஜெனரேஷன் (ஃபில்டரைச் சூடாக்கி உள்ளே சேர்ந்த கரியை எரிப்பது) ஓட்டினால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். கழற்றினால், சூளையில் சுட்டு, ஆறவைத்து, காற்றடித்து மாட்ட ஒரு நாள்கூடப் போகலாம். மாற்று ஃபில்டர் கைவசம் இருந்தால் இந்தக் காத்திருப்பு இல்லை.

செலவு: எரிக்க டீசல் மட்டும். கழற்றக் கூலி, புது கேஸ்கெட்.

பலன்: விஷயமே இங்கேதான் இருக்கிறது. சுமார் 600 டிகிரி செல்சியஸில் புகைக்கரி எரிந்துவிடும். இன்ஜின் ஆயிலின் சேர்மானங்களிலிருந்து வரும் சாம்பல் எரியாது. எத்தனை முறை ஓட்டினாலும் உள்ளேயே தங்கும். எரித்த கொஞ்ச நாளிலேயே விளக்கு திரும்ப வந்தால் சாம்பல் நிறைந்திருக்கலாம், இல்லையென்றால் இன்ஜெக்டரோ டர்போவோ கோளாறு. அதைப் பார்க்காமல் ஃபில்டரைத் திட்டிப் பயனில்லை.

நின்று நின்று ஓடும் நகர வண்டிக்கு, ஓடும்போதே கரி எரியும் அளவுக்கு எக்ஸாஸ்ட் சூடேறாது. ஷிஃப்ட் முடிந்ததும் காய்ந்த புல், எரிபொருள் அருகில் இல்லாத இடத்தில் நிறுத்தி எரிப்பது அதற்குச் சரி. கிலோமீட்டர் ஏறிய நெடுந்தூர வண்டியை சீசனுக்கு முன்பே கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள். அப்புறம், ஊற்றும் ஆயில் சாம்பல் குறைந்த ரகம்தானா என்றும் பாருங்கள்.