இரண்டு கல்லூரி, இரண்டு அஃபிஷியல் விசிட்: ஒரு குவாட்டர்பேக்கின் அம்மா பார்த்தது

என் மகன் டெக்சாஸில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறான். பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் டீமில் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவன். இந்த ஜூனில் இரண்டு கல்லூரிகளுக்கு அஃபிஷியல் விசிட் போய் வந்தோம், அதாவது டீமில் சேர்க்க விரும்பும் வீரனைக் கல்லூரியே அழைத்துச் சுற்றிக்காட்டுவது. டிக்கெட், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் கல்லூரிச் செலவு. அடுத்த வருடம் போகப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் கல்லூரியின் உபசரிப்பில் குறையே சொல்ல முடியாது. ஜெர்சி போட்டு ஃபோட்டோ, பளபளக்கும் லாக்கர் ரூம், ஸ்டேடியம் திரையில் அவன் பெயர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் இரண்டு நாளில் ஆட்டத்தைப் பற்றிப் பேசியது அரை மணி நேரம்கூட இருக்காது. "இந்த வருடம் எத்தனை குவாட்டர்பேக் எடுக்கிறீர்கள்?" என்று என் கணவர் கேட்டார். "உங்கள் பையன் மட்டும்தான்" என்றார்கள். மூன்று வாரத்தில் இன்னொரு குவாட்டர்பேக் அங்கே சேர்வதாக அறிவித்தான். எங்களுக்கு ஒரு ஃபோன்கூட வரவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

பாஸைப் பிடிக்கும் ரிசீவர் என்றால் மூன்று நான்கு பேர் மாறி மாறி ஆடலாம். குவாட்டர்பேக் ஒருவன்தான், அடுத்தவன் சைடுலைனில் நிற்க வேண்டியதுதான். பிரபல குவாட்டர்பேக் ஜோ பரோவே ஒஹையோ ஸ்டேட் பல்கலையில் மூன்று வருடம் இருந்தும் ஆட்டத்தைத் தொடங்கும் முதல் ஆளாக வரவில்லை. 2018இல் எல்.எஸ்.யு.வுக்கு (லூசியானா ஸ்டேட் பல்கலை) மாறிய பிறகுதான், 2019 சீசனில் 60 டச்டவுன் பாஸ் (ஸ்கோர் ஆகும் பாஸ்) போட்டார், சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையும் வாங்கினார்.

இரண்டாவது கல்லூரியில் லாக்கர் ரூம் சுமார், ஸ்டேடியமும் சின்னது. ஆனால் முதல் நாள் காலையிலேயே தாக்குதல் ஆட்டத்தைத் திட்டமிடும் கோச்சான ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர் அவனை வெள்ளைப் பலகை முன்னால் நிறுத்தி மார்க்கரைக் கொடுத்தார். "தேர்ட் டவுன், ஏழு யார்டு வேண்டும். உனக்குப் பிடித்த ப்ளேயைப் போடு." நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும், இது மூன்றாவது முயற்சி; ப்ளே என்றால் அதற்கான ஆட்டத் திட்டம். வரைந்து போட்டான். அவர் சிவப்பு மார்க்கரால் இடது ஓரத்தில் ஒரு லைன்பேக்கரை (எதிரணியின் தடுப்பு வீரன்) வரைந்து, "இவன் பாய்ந்து வந்தால் யார் தடுப்பது?" என்றார். ரன்னிங் பேக் (பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவன்) என்றான். "அவனைத்தான் பாஸ் வாங்க வெளியே அனுப்பிவிட்டாயே." பையன் மார்க்கர் மூடியைத் திறந்து திறந்து மூடினான். அப்புறம் அழித்துவிட்டு, ரன்னிங் பேக்கை உள்ளேயே நிறுத்தி மறுபடி போட்டான். முக்கால் மணி நேரம் அந்த மனிதர் நகரவே இல்லை.

முதல் வருடம் ஆட வாய்ப்பில்லை, தேவைப்பட்டால் வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் அனுபவம் உள்ள ஒருவரை எடுப்போம் என்று நேராகவே சொன்னார். "நீங்கள் வேறு வேலைக்குப் போய்விட்டால்?" என்றேன். கோச் லிங்கன் ரைலி ஓக்லஹோமா பல்கலையை விட்டு யூ.எஸ்.சி. (தெற்கு கலிஃபோர்னியா பல்கலை) போனதும் அவருடைய குவாட்டர்பேக் காலெப் வில்லியம்ஸ் பின்னாலேயே போன கதை தெரியும் அல்லவா? போகமாட்டேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது.

குறை ஒன்று உண்டு. இன்ஜினியரிங் லேபும் பயிற்சியும் ஒரே மதிய நேரத்தில் வருகின்றன. படிப்பு ஆலோசகரிடம் கேட்டால் மழுப்பல்தான். இரவு சாப்பாட்டின்போது அங்கே இருக்கும் ஒரு குவாட்டர்பேக், தான் பாடத்தையே மாற்றிக்கொண்டதாகச் சொன்னான். போகிறவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, 2025 ஜூலை 1 முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். முதல் கல்லூரி அதிகம் சொன்னது. ஒப்பந்தத்தை வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கல்லூரியில் சேரக் கையெழுத்துப் போடுவது டிசம்பரில். பையன் இன்னும் முடிவு சொல்லவில்லை. நேற்று அதே ப்ளேயை நோட்டில் திருத்தி வரைந்து, இரண்டாவது கல்லூரி கோச்சுக்கு ஃபோனில் அனுப்பினான். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "சரி, வலது பக்கமிருந்து வந்தால்?"