ஸ்மார்ட் மீட்டரோடு நான்கு வருடம்: ராத்திரி மூணு மணிக் கணக்கு

எங்கள் வீட்டு மின் மீட்டரை மாற்றி நான்கு வருடம் தாண்டிவிட்டது. மாற்றிய முதல் மாதத்திலேயே எழுதியிருந்தால் செயலியில் வரும் கலர் கலரான வரைபடங்களைப் பற்றி ஒரு பக்கம் புகழ்ந்து தள்ளியிருப்பேன். இப்போது அந்த மயக்கமெல்லாம் தெளிந்து கணக்கு மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது, அதனால் எழுத இதுதான் சரியான நேரம் என்று தோன்றுகிறது.

சிங்கப்பூரில், தெம்பனிசில் நான்கறை வீடு. நான், மனைவி, மகள், அத்தை என்று நாலு பேர். அத்தை என்றால் மனைவியின் அம்மா. அப்போதெல்லாம் மாதம் 400 யூனிட் அளவுக்கு ஓடும். பில் வரும் நாளில் "ஏன் இவ்வளவு?" என்று ஒரு பேச்சு கிளம்பும், யார் ஏர்கானை அணைக்கவில்லை என்று விசாரணை நடக்கும், இரண்டு நாளில் அடங்கிவிடும். இன்னும் அதைப் "பியூபி பில்" என்றுதான் சொல்கிறோம். பியூபி என்றால் பொதுப் பயனீட்டுக் கழகம், அதன் கையை விட்டு மின்சாரம் போனது 1995இல். அப்போது பிறந்த பிள்ளைகள்கூட இன்றைக்கு அப்படித்தான் சொல்கிறார்கள், அது போகட்டும்.

பழைய மீட்டரில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஆள் வந்து எண்ணைக் குறித்துக்கொண்டு போவார். நடுவில் வரும் மாதம் மதிப்பீடு, அதாவது குத்துமதிப்பு. டிசம்பரில் குடும்பத்தோடு ஊருக்குப் போய் மூன்று வாரம் வீடு பூட்டிக் கிடந்தாலும் அந்த மாதம் குத்துமதிப்பு மாதமாக அமைந்துவிட்டால் வழக்கமான தொகைதான் வரும், அடுத்த மாதம்தான் நேராகும். புது மீட்டரில் ஆள் வருவதில்லை, அரை மணிக்கு ஒரு அளவு என்று நாளுக்கு 48 எண்கள் தானே போய்ச் சேர்கின்றன. மாற்றிய அன்றைக்கு வீட்டில் சிறிது நேரம் மின்சாரம் இல்லை, அவ்வளவுதான் சிரமம்.

வெளியே தாழ்வாரத்து அலமாரிக் கதவைத் திறந்தால் மீட்டர் தெரியும். முகப்பில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும். வீட்டில் கெட்டிலைப் போட்டுவிட்டு ஓடி வந்து பார்த்தால் படபடவென்று அடிக்கும், எல்லாவற்றையும் அணைத்தால் சாவகாசமாக எப்போதோ ஒரு தடவை மினுங்கும். மகள் இதை விளையாட்டாகவே வைத்திருந்தாள், அவள் உள்ளே ஒவ்வொரு சுவிட்சாக அணைக்க நான் வெளியே நின்று எண்ணுவேன். எதிர்வீட்டு அங்கிள் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

சரி, இதனால் என்ன கிடைத்தது? முதல் ஆறு மாதம் ஒன்றுமே கிடைக்கவில்லை. ஏர்கான் போட்ட நேரத்தில் கோடு ஏறும், அணைத்தால் இறங்கும். அது செயலி இல்லாமலே தெரியுமே. நான் பார்த்துக்கொண்டிருந்தது ஏறும் இடங்களை. பார்த்திருக்க வேண்டியது வீடே தூங்கும் நேரத்தை.

ஒரு வாரம் பெரிய அறை ஏர்கான் பழுதாகி மின்விசிறியோடு படுத்தோம். அந்த வாரத்து ராத்திரிக் கணக்கைப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மூன்று மணிக்கு, யாருமே விழித்திருக்காத நேரத்தில், அரை மணிக்கு 0.1 யூனிட் போய்க்கொண்டிருந்தது. குளிர்பதனப் பெட்டி, வைஃபை பெட்டி, விசிறிகள், டிவிக்குக் கீழே விளக்கெரியும் ஏதேதோ பெட்டிகள். 0.1 என்றால் ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். 48ஆல் பெருக்கினால் நாளுக்கு 4.8, மாதத்துக்கு 144 யூனிட். எங்கள் பில்லில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். யாரும் எதையும் போடாமலே ஓடும் செலவு இது.

அதற்கு மேலும் ஒன்று இருந்தது. மூன்று நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை அந்த 0.1 திடீரென்று 0.3 ஆகும், அடுத்த அரை மணியில் மறுபடி 0.1. இதயத் துடிப்பு மாதிரி ஒழுங்காக. ராத்திரி மட்டுமில்லை, பகலில் வீட்டில் யாரும் இல்லாதபோதும் அதே துடிப்பு. இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. கடைசியில் பார்த்தால் பின்பக்கக் குளியலறைத் தண்ணீர் சூடேற்றி, தொட்டி வைத்த பழைய வகை, 3 கிலோவாட். அத்தை காலையில் ஐந்து மணிக்குக் குளிப்பார், தண்ணீர் தயாராக இருக்க வேண்டும் என்று சுவிட்சை அணைப்பதே இல்லை. தொட்டித் தண்ணீர் ஆற ஆற அது நாலு நிமிடம் எரிந்து மறுபடி சூடாக்கிவிட்டுத் தூங்கப் போகும். வருடக்கணக்காக இப்படி. மாதம் 40 யூனிட் அளவு, 12 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர்.

அத்தையிடம் சொன்னேன். "மாப்பிள்ளை, சுடுதண்ணிக்குக் கணக்குப் பார்க்கற வீட்டுக்கா என் பொண்ணைக் கொடுத்தேன்?" என்றார். மனைவி சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. டைமர் சுவிட்ச் ஒன்றை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பொருத்தினோம், நாலே முக்காலுக்கு எரிந்து ஐந்தே காலுக்கு அணையும். துடிப்பு நின்றது. நான்கு வருடத்தில் இந்த மீட்டர் எனக்குச் செய்த ஆகப் பெரிய உதவி இதுதான்.

அடுத்தது விலை. இங்கேதான் எனக்கு மனத்தாங்கல்.

மின்சாரத்தை யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் 2018இல் ஜூரோங்கில் தொடங்கி 2019க்குள் தீவு முழுக்கத் திறந்துவிட்டது. நானும் 2019இல் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து, பிறகு புதுப்பித்து, யூனிட்டுக்கு 18 காசுக்குள் நிம்மதியாக இருந்தேன். 2021 அக்டோபரில் ஒரு மின்னஞ்சல், நாங்கள் கடையை மூடுகிறோம், நன்றி வணக்கம் என்று. உலக எரிவாயு விலை எகிறிய நேரம் அது, நம் மின்சாரத்தில் 95 சதவீதம் எரிவாயுவில் இருந்து வருவதால் மலிவாக விற்க ஒப்புக்கொண்ட பல நிறுவனங்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் விலகின. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், வீட்டில் ஒரு விளக்குகூட மினுங்கவில்லை. கம்பி, துணை மின்நிலையம், மீட்டர் எதுவும் அந்த நிறுவனத்துடையது இல்லை, அவர்கள் விற்றது விலையை மட்டும்தான். நான் பாட்டுக்கு ஆணையத்தின் மேற்பார்வையில் இருக்கும் சாதாரணக் கட்டணத்துக்கு, அதாவது முறைப்படுத்தப்பட்ட கட்டணத்துக்கு, மாறிவிட்டேன், 24 காசு சொச்சம். 2022 நடுவில் அது 30 காசைத் தாண்டியது.

அப்புறம் 2023இல் நேரத்துக்கேற்ற விலைத் திட்டம் ஒன்றில் இரண்டு வருட ஒப்பந்தம் போட்டேன். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால்தான் கிடைக்கும் திட்டம். இரவு 11 முதல் காலை 7 வரை மலிவு, மற்ற நேரம் கொஞ்சம் கூடுதல். நான் சேர்ந்த சமயத்து முறைப்படுத்தப்பட்ட கட்டணத்தோடு ஒப்பிட்டால் பகலில் ஒரு காசு அதிகம், இரவில் நாலு காசு குறைவு. எங்கள் வீட்டில் அப்போது 400இல் 180 யூனிட் அந்த எட்டு மணி நேரத்தில்தான் போனது, பெரும்பாலும் ஏர்கான். மாதம் ஐந்து வெள்ளி மிச்சம். துணி துவைப்பதையும் பதினொன்றுக்கு மேல் மாற்றிப் பார்த்தோம். இயந்திரம் சுழலும் சத்தத்துக்குக் கீழ்வீட்டிலிருந்து மூன்றாம் நாளே தட்டிவிட்டார்கள், அதோடு அந்த முயற்சி முடிந்தது.

வேடிக்கை 2024இல். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக, வீடுகளுக்கு 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டு கொடுத்தார்களே, அதைப் போட்டு, மேலே கையிலிருந்தும் போட்டு, மின்சிக்கன முத்திரையில் ஐந்து டிக் உள்ள ஏர்கான் வாங்கினோம். ராத்திரி அரை மணிக்கு 0.37 இருந்த எண் 0.22 ஆனது. மாதம் 70 யூனிட், கிட்டத்தட்ட 20 வெள்ளி இறங்கியது. கண்ணால் பார்க்கும்போது ஒரு சந்தோஷம்தான். ஆனால் இரவில் செலவு குறைந்ததும் இரவு மலிவால் வந்த லாபமும் இரண்டு வெள்ளிக்குச் சுருங்கிவிட்டது. அதாவது மின்சாரத்தை வீணாக்கிக்கொண்டிருந்தவரை அந்தத் திட்டம் எனக்கு லாபம். ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை.

மொத்த விற்பனைச் சந்தையில் மின்சாரத்தின் விலை அரை மணிக்கு ஒரு தடவை மாறுகிறது, என் மீட்டரும் அரை மணிக்கு ஒரு தடவை அளக்கிறது, ஆனால் சாதாரணக் கட்டணத்தில் இருக்கும் வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒரே விலை. மத்தியானம் இரண்டு மணிக்கும் ராத்திரி இரண்டு மணிக்கும் ஒன்றுதான். விலை இப்படி வெயிலடித்தாலும் மழை பெய்தாலும் அசையாமல் இருக்கும்போது மீட்டர் மட்டும் எவ்வளவு புத்திசாலியாக இருந்து என்ன பயன்? மாறும் விலை வயதானவர்கள் இருக்கும் வீடுகளை வாட்டும் என்பார்கள், அதுவும் நியாயம்தான். விருப்பப்பட்டவர்களுக்காவது நடுப்பகலில் ஒரு நாலு காசு குறைத்துக் கொடுத்துப் பார்க்கலாமே என்பது என் கட்சி. அலுவலக ஏர்கான்கள் ஓடும் பகல் நேரத்தில்தான் தேவை உச்சம் என்று தெரியும். ஆனாலும் சூரிய மின்தகடு கூடக் கூட அந்தக் கணக்கு மாறத்தானே வேண்டும்?

சூரிய மின்தகடு என்றதும் எதிர்வீட்டு அங்கிள் நினைவு வருகிறது. எங்கள் புளோக் கூரை முழுக்கத் தகடு பதித்திருக்கிறார்கள். லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, மேல இத்தனை தகடு போட்டிருக்கான், நம்ம பியூபி பில் மட்டும் ஏன் அப்படியே இருக்கு?" அந்த மின்சாரம் முதலில் பொதுவானவற்றுக்குத்தான் போகும் அங்கிள், லிஃப்ட், தாழ்வார விளக்கு, தண்ணீர் மேலேற்றும் பம்பு, மிச்சம் இருந்தால் மின்கட்டமைப்புக்கு, நம் வீட்டு மீட்டருக்கு நேரே வராது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ நம்ம ரெண்டு பேரும் இப்போ வெயில்லதான் மேல போய்க்கிட்டு இருக்கோம்" என்றார். எனக்கு இதைவிட நன்றாகச் சொல்லத் தெரியாது.

ஆனால் வெயிலை நம்பி ஓட்டுவதில் ஒரு சங்கடம், இங்கே மேகம் வந்தால் சொல்லிக்கொண்டு வராது. தெங்கே நீர்த்தேக்கத்தில் 45 ஹெக்டேருக்கு மிதக்கும் 60 மெகாவாட் தகடுகள்மேல் ஒரு மழைமேகம் வந்து உட்கார்ந்தால் உற்பத்தி நிமிடங்களில் சரியும். அதை ஈடுகட்டத்தான் ஜூரோங் தீவில் 2023இல் 285 மெகாவாட்-மணி கொள்ளளவோடு ஒரு மின்கலத் தொகுப்பைத் திறந்தார்கள். எங்கள் வீட்டின் பழைய 400 யூனிட் கணக்கில் சொன்னால், அப்படிப்பட்ட 21 ஆயிரம் வீடுகளின் ஒரு நாள் செலவு அது.

தஞ்சாவூரிலிருந்து பெரியப்பா வந்து ஒரு மாதம் தங்கியிருந்தபோது, "இங்க கரண்டே போகாதா?" என்று நாலைந்து தடவை கேட்டார், கொஞ்சம் ஏமாற்றமாகவே. 2018 செப்டம்பரில் நடுராத்திரி ஒரு தடவை போனது, மின்னுற்பத்திப் பக்கத்துக் கோளாறால் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருளில், 38 நிமிடத்தில் எல்லாம் திரும்பிவிட்டது என்று சொன்னேன். 38 நிமிடத்தை வருடம் வரைக்கும் ஞாபகம் வைத்துச் சொல்கிறாயே என்று சிரித்தார். கம்பமே கண்ணில் படவில்லையே என்றும் கேட்டார். எல்லாம் மண்ணுக்குள் ஓடுகிறது, பெரிய உயர் அழுத்தக் கம்பிகளுக்குச் சுமார் 60 மீட்டர் ஆழத்தில் தனிச் சுரங்கமே தோண்டியிருக்கிறார்கள் என்றதும் நம்பவில்லை.

இப்போது கார்நிறுத்தத்தில் மின்வாகனம் சார்ஜ் செய்யும் பெட்டிகள் வந்துவிட்டன. 2030க்குள் நாடு முழுக்க 60 ஆயிரம் என்பது திட்டம். என் மச்சான் ஒரு மின்கார் வாங்கியிருக்கிறான், 7.4 கிலோவாட் பெட்டியில் ராத்திரி போட்டு எடுப்பான். எங்கள் வீட்டு மெயின் சுவிட்சே 40 ஆம்பியர், 230 வோல்ட்டில் 9 கிலோவாட் சொச்சம்தான் தாங்கும். ஆக ஒரு கார் என்பது ஏர்கான், சூடேற்றி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் ஒரு முழு வீட்டுக்குக் கிட்டத்தட்டச் சமம். ஏழு மணிக்கு வேலை முடிந்து வரும் இருபது பேர் ஒரே சமயத்தில் செருகினால் அந்தத் துணை மின்நிலையம் என்ன செய்யும்? அதற்காகத்தான் பெட்டிகள் தங்களுக்குள் சுமையைப் பங்கிட்டுக்கொள்வது, ஒன்று வேகமாக ஏற்றும்போது இன்னொன்று மெதுவாக ஏற்றுவது போன்ற ஏற்பாடுகள். நகரம் பெருக்கப் பெருக்க எங்கும் மண்ணைத் தோண்டிக் கம்பியைப் பெரிதாக்கிக்கொண்டே போக முடியாது, இருக்கும் கம்பியில் நேரத்தைப் பிரித்துக்கொடுத்தாக வேண்டும். ஸ்மார்ட் என்ற சொல்லுக்கு என் அறிவுக்கு எட்டிய அர்த்தம் இதுதான்.

குறை என்றால், எந்தப் பொருள் எவ்வளவு தின்கிறது என்று மீட்டர் சொல்லாது, நாமேதான் துப்பறிய வேண்டும். ஒரு நாள் மாலை வீடு முழுக்க டிரிப் ஆகி, ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்த்துக் கடைசியில் ஈரமான கெட்டில்தான் காரணம் என்று கண்டுபிடித்தோம், அதில் இத்தனை புத்திசாலி மீட்டரால் ஒரு உதவியும் இல்லை.

போன வாரம் அங்கிளின் போனிலும் செயலியைத் திறந்து காட்டினேன். வீட்டில் இரண்டே பேர், ஏர்கான் போடுவதில்லை, ஆனால் ராத்திரி மூணு மணிக்கு 0.23, ஏர்கான் ஓடாத ராத்திரியில் எங்களுக்கு இருந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல். எனக்குக் குஷியாகிவிட்டது. வீடெல்லாம் சுற்றிப் பார்த்தோம். சூடேற்றி அணைந்திருந்தது. வரவேற்பறையில் அரோவானா மீன் தொட்டி, அதற்குப் பம்பு, வடிகட்டி, விளக்கு, பக்கத்தில் தண்ணீரைக் குளிர வைக்கும் பெட்டி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது.

அங்கிள் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்போ மீனைத்தான் அணைக்கணும்கறே."